வட அமெரிக்க நகரங்களில் இருபத்தாறு நாட்கள்

வெளிநாடு சென்று திரும்பியோர் எழுதும் கட்டுரைகளில் வானளாவிய மாளிகைகளும், அகன்ற சாலைகளும், கண்ணைப் பறிக்கும் கடைவீதிகளும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை நாங்களும் கண்டோம். இக்கட்டுரையிலும் அவற்றுக்கு ஓரளவு இடமுண்டு. ஆயினும் இவ்விதழைப் படிக்கும் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் தறியில் அமர்பவர்கள், அல்லது நிலத்தில் உழைப்பவர்கள். அந்நாட்டு நெசவாளியும் உழவனும் தம் உழைப்பின் பயன் பிறர் கைக்குப் போகாமல் காக்க என்ன வழி தேடினார்கள், அவ்வழிகளில் எவை நிலைத்தன, எவை அழிந்தன என்பதே இவர்கள் அறிய விரும்பும் செய்தியாக இருக்கும். அதனையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

2024 ஆம் ஆண்டு செப்டம்பர் நடுவிலிருந்து 26 நாட்கள் இப்பிரயாணம் நடைபெற்றது. உடன் வந்தவர் எம் கல்லூரித் தோழர்; சென்னிமலைப் பக்கத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர்; அங்குள்ள கைத்தறிச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஐந்தாண்டுகள் பணியாற்றியவர். அவருடைய தமையனார் நியூஜெர்சி மாநிலத்தில் குடியிருப்பதால் தங்குமிடம் பற்றிய கவலை முதல் வாரத்தில் இல்லை. விடுப்பு எங்களுடையது, செலவும் எங்கள் சேமிப்பிலிருந்து ஆனது.

நண்பரின் மனநிலையை இங்கே கூறிவிடுவது நலம். அவருடைய தந்தையார் நாற்பது ஆண்டுகளாகச் சங்கத்தில் பாவு வாங்கிச் சேலை கொடுப்பவர். மகனுக்கோ அதில் நம்பிக்கை குன்றிவிட்டது. கூலி தாமதமாகிறது, சரக்கு தேங்குகிறது, இளைஞர்கள் விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்விடுகிறார்கள், மகாசபைக்கு ஆள் சேர்வதில்லை. ஆகவே பங்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தனியார் ஜவுளி வியாபாரி ஒருவரோடு ஏற்பாடு செய்துகொள்வதே மேல் என்ற எண்ணத்தோடு அவர் விமானம் ஏறினார். சங்கங்களின் கணக்கேடுகளைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கும் அவருக்கும் இதுபற்றி வழிநெடுகிலும் வாதம் நடந்தது.

நியூயார்க்

நியூயார்க் துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்கப் பெருஞ்செலவு தேவையில்லை. மன்ஹாட்டன் முனையிலிருந்து ஸ்டாட்டன் தீவுக்குச் செல்லும் படகில் கட்டணமே இல்லை. அதில் நின்றபடியே சுதந்திர தேவியின் சிலையைக் காணலாம். பிரெஞ்சு மக்கள் அளித்த இச்சிலை 1886 இல் திறந்து வைக்கப்பெற்றது. அருகிலுள்ள எல்லிஸ் தீவு 1892 முதல் 1954 வரை குடியேறுவோரைப் பரிசோதித்து அனுமதித்த இடம். ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்கு மேல் அவ்வழியாக அந்நாட்டில் நுழைந்தனர். அவர்களிற் பலர் தையல் ஊசியை மட்டும் நம்பி வந்தவர்கள்.

அவர்கள் எத்தகைய வேலைக்குச் சென்றார்கள் என்பதை அறிய, வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகிலுள்ள பத்து மாடிக் கட்டிடம் ஒன்றைப் பார்க்கச் சென்றோம். 1911 மார்ச் 25 ஆம் தேதி இதன் மேல் மூன்று மாடிகளில் இயங்கிய டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. மாண்டவர்கள் 146 பேர், பெரும்பாலோர் இளம்பெண்கள். 2023 இல் அக்கட்டிடத்தின் சுவரில் எஃகு நாடா போன்றதொரு நினைவுச் சின்னம் அமைத்து, இறந்தோர் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். இந்தத் தீக்குப் பிறகுதான் நியூயார்க் மாநிலம் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்களை அடுத்தடுத்து இயற்றியது.

சட்டம் ஒருபுறமிருக்க, தையல் தொழிலாளர்கள் தாமே செய்துகொண்ட காரியமும் உண்டு. ஆடைத் தொழிலாளர் சங்கத்தார் 1927 இல் பிரான்க்ஸ் பகுதியில் கூட்டுறவு முறையில் குடியிருப்பு எழுப்பினர். காற்றும் வெளிச்சமும் இல்லாத வாடகை அறைகளில் வாழ்ந்தவர்கள் பங்கு சேர்த்து, கடன் பெற்று, தோட்டம் சூழ்ந்த வீடுகளுக்கு உடையவர்கள் ஆனார்கள். அதன் பின்னே நின்றவர் ஆபிரகாம் கஸான் என்பவர். பின்னாளில் அதே பகுதியில் எழுந்த ‘கோ-ஆப் சிட்டி’ என்னும் பெருங்குடியிருப்பும் அவர் நடத்திய அமைப்பின் ஆக்கமே. அதில் 35 உயர்ந்த கட்டிடங்களும் 15,372 வீடுகளும் உள்ளன. ஒரே கூட்டுறவுச் சங்கத்தின் கீழ் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள் என்றால் அதன் அளவை அங்கத்தினர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அங்கும் பூசல் இல்லாமலில்லை. கட்டுமானச் செலவு மிகுந்துபோய், மாதக் கட்டணம் மேன்மேலும் உயர்ந்தது. வீட்டுக்கு உரியவர்கள் என்று பெயர் பெற்றவர்களுக்கு நிர்வாகத்தில் குரல் இல்லை. 1975 ஜூன் முதல் 13 மாதங்கள் குடியிருப்போரில் மிகப் பெரும்பாலோர் கட்டணத்தை நிர்வாகத்திடம் செலுத்தாமல் தம் குழுவிடமே திரட்டி வைத்தனர். முடிவில் நிர்வாகம் அவர்கள் கைக்கு வந்தது. “பெயருக்குக் கூட்டுறவு, நிர்வாகம் வேறிடத்தில், இது நமக்குப் புதிதா?” என்று நண்பர் கேட்டார். அவர்கள் சங்கத்தை விட்டு விலகவில்லை, சங்கத்தைக் கைப்பற்றினார்கள் என்பதை நாம் அவருக்குச் சுட்டிக் காட்டினோம்.

லோவல்

நூலும் துணியும் சார்ந்தவர்கள் அமெரிக்கா சென்றால் தவறாமல் காணவேண்டிய ஊர் லோவல். பாஸ்டன் நகரிலிருந்து இரயிலில் முக்கால் மணி நேரம். பிரான்சிஸ் காபட் லோவல் என்ற வணிகர் இங்கிலாந்தின் லங்காஷயரில் விசைத்தறிகளைக் கண்ணால் பார்த்து மனத்தில் பதித்து வந்து, பால் மூடி என்ற தொழில் வல்லுநரின் துணையால் வால்தம் என்னும் ஊரில் அவ்வகைத் தறியை அமைத்தார். அவர் 1817 இல் இறந்த பின் அவருடைய கூட்டாளிகள் மெரிமாக் ஆற்றின் வீழ்ச்சியைப் பயன்படுத்தி 1820 களில் நிறுவிய ஆலை நகருக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆற்று நீரை ஐந்தரை மைலுக்கு மேற்பட்ட கால்வாய்களில் திருப்பி, சக்கரங்களைச் சுழற்றி, தறிகளை ஓட்டினார்கள்.

1978 இல் இந்நகரின் பழைய ஆலைப் பகுதி தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பூட் ஆலை என்னும் கட்டிடத்தில் 88 விசைத்தறிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றை மட்டும் ஓட்டிக் காட்டுகிறார்கள். உள்ளே நுழையுமுன் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சடைப்பான் கொடுக்கிறார்கள். சிலவற்றின் ஓசையே நெஞ்சை அதிரச் செய்கிறது. அத்தனையும் ஓடியபோது பெண்கள் நாள்தோறும் 12, 13 மணி நேரம் இதனிடையே நின்றார்கள்.

நண்பர் அங்கே நெடுநேரம் நின்றார். நாடா இருபுறமும் தாவுவதையும், தார் தீர்ந்ததும் மாற்றப்படுவதையும், பாவு இழை அறுந்தால் தறி நிற்பதையும் ஒவ்வொன்றாக உற்று நோக்கினார். பணியிலிருந்த முதியவர் ஒருவரிடம் தம் வீட்டுக் குழித்தறியைக் கைச்சாடையாலேயே விளக்கினார். முதியவர் உடனே புரிந்துகொண்டு தம் உள்ளங்கையிலுள்ள காய்ப்பைக் காட்டினார். இருவருக்கும் மொழி அதிகம் தேவைப்படவில்லை.

லோவல் ஆலைகளுக்கு முதலில் வந்தவர்கள் சுற்றுவட்டாரத்து உழவர் வீட்டுப் பெண்கள். ஆலைக்காரர்கள் விடுதி அமைத்தார்கள், படிக்க வாய்ப்பளித்தார்கள், அப்பெண்கள் எழுதிய மாத இதழ் ஒன்றும் வெளிவந்தது. ஆனால் விலை வீழ்ச்சி வந்தபோது முதலில் கைவைத்தது கூலியில்தான். 1834 இலும் 1836 இலும் அப்பெண்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். 1840 களில் சாரா பாக்லி என்ற நெசவுப் பெண்ணின் தலைமையில் வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கக் கோரி மாநில சட்டசபைக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள்.

இன்னொரு செய்தியையும் அந்த அருங்காட்சியகம் மறைக்கவில்லை. இவ்வாலைகளுக்கு வந்த பஞ்சு தென் மாநிலங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் விளைவித்தது. இங்கே நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அந்த அடிமைகளுக்கே உடையாக அனுப்பப்பட்டது. பஞ்சை விளைவித்தவனுக்கும் கூலியில்லை, துணியை நெய்தவளுக்கும் விலையில் பங்கில்லை. நடுவில் நின்றவனே செழித்தான். உழவரும் நெசவாளரும் ஒரே இதழைப் படிக்கும் நம் வாசகர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

பாஸ்டனும் மான்செஸ்டரும்

பாஸ்டன் நகரில் காணத்தக்க பழைய கட்டிடங்கள் பல. 1773 இல் தேயிலையைக் கடலிற் கொட்டிய வரலாறு அனைவரும் அறிந்ததே. எங்களை அங்கே ஈர்த்தது வேறொரு செய்தி. எட்வர்டு பைலீன் என்ற பாஸ்டன் வணிகர் 1907 இல் இந்தியா வந்தார். வங்காளத்தில் கூர்லே என்ற ஆங்கில அதிகாரி கிராமங்களில் அமைத்து வந்த ஐக்கிய நாணயச் சங்கங்களை நேரில் கண்டார். ஏழை உழவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று கடன் பெறுவதும், அதைத் திருப்பிச் செலுத்துவதும் அவர் மனத்தைக் கவர்ந்தன. தம் நாடு திரும்பியபின் இம்முறை அங்கும் வேரூன்றத் துணைநின்றார். மாசசூசெட்ஸ் மாநிலம் 1909 இல் நாணயச் சங்கங்களுக்கெனப் பொதுச் சட்டம் இயற்றியது; அந்நாட்டில் அதுவே முதலாவது.

வங்காளத்தில் பைலீன் கண்டது 1904 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. அச்சட்டத்துக்கு முன்னோடியாக ஜெர்மனியின் ரைபைசன் சங்கங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரெடரிக் நிக்கல்சன். ஆக, ஜெர்மனியிலிருந்து சென்னைக்கும், இந்தியக் கிராமத்திலிருந்து பாஸ்டனுக்கும் சென்ற கருத்து இது. இன்று அமெரிக்காவில் நாணயச் சங்க அங்கத்தினர்கள் 14 கோடிக்கு மேல் இருக்கிறார்கள். கூட்டுறவு என்பது வளர்ந்த நாட்டார் நமக்கு இரங்கி அளித்த பொருள் என்று எண்ணுவோர் இவ்வரலாற்றை ஒருமுறை நோக்குதல் தகும்.

லோவலுக்கு வடக்கே சுமார் 30 மைல் தொலைவில், அதே மெரிமாக் கரையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் இருக்கிறது. இங்கிருந்த அமோஸ்கேக் ஆலைகள் ஒரு காலத்தில் 17,000 பேருக்கு வேலையளித்தன. 1935 இல் மூடப்பட்டன. செங்கல் கட்டிடங்கள் ஆற்றோரம் ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு இன்றும் நிற்கின்றன. அவற்றில் இப்போது அலுவலகங்களும் உணவுச் சாலைகளும் இயங்குகின்றன. ஆனால் அவ்வாலைத் தொழிலாளர்கள் 1908 இல் தொடங்கிய சிறு நாணயச் சங்கம் மட்டும் நிலைத்துவிட்டது. கனடாவிலிருந்து பிழைக்க வந்த பிரெஞ்சு மொழியினர் ஒரு வழக்கறிஞரின் வீட்டில் மாலை வேளைகளில் கூடிச் சில்லறை சேர்த்தார்கள். அந்நாட்டின் முதல் நாணயச் சங்கம் அதுவே. அவ்வீடு இன்று அருங்காட்சியகம். சங்கம் செயின்ட் மேரீஸ் பாங்கு என்ற பெயரில் இன்றும் நடைபெறுகிறது.

பதினேழாயிரம் பேருக்குச் சோறிட்ட ஆலை போயிற்று, மாலையில் கூடிய சில்லறைச் சங்கம் நிற்கிறது என்று நாம் சொன்னபோது, நண்பர் உடன்படவில்லை. கடன் சங்கம் நிற்பது எளிது. பணத்துக்கு எந்நாளும் தேவையுண்டு. துணி நெய்து விற்கும் சங்கத்தின் பாடு வேறு என்றார். அது தள்ளிவிடக்கூடிய வாதமன்று.

பத்துச் சதம்

எல்லையைக் கடந்து கனடாவின் க்வெபெக் நகரை அடைந்தோம். 1608 இல் சாம்ப்ளேன் நிறுவிய இந்நகரைச் சுற்றிக் கோட்டை மதில் இன்றும் இருக்கிறது. குறுகிய தெருக்களில் எங்கும் பிரெஞ்சு மொழியே. அருகிலுள்ள மோமொரான்சி நீர்வீழ்ச்சி 83 மீட்டர் உயரம். நயாகராவைவிட உயர்ந்தது, அகலத்திலும் நீரளவிலும் சிறியது.

க்வெபெக் நகரின் எதிர்க்கரையில் உள்ளது லெவி. செயின்ட் லாரன்ஸ் நதியைப் படகில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் கடந்துவிடலாம். மேட்டின் மேல் வெள்ளை நிற மரவீடு ஒன்று இருக்கிறது. அல்போன்ஸ் தெஜார்தேன் என்பவர் வாழ்ந்த வீடு அது. அவர் செல்வந்தரல்லர், ஒட்டாவா நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களின் பேச்சுக்களைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் அலுவலர். 1897 இல் ஒருநாள் உறுப்பினர் ஒருவர் அநியாய வட்டியைப் பற்றிப் பேசினார். 150 டாலர் கடன் வாங்கிய ஒருவர்மீது 5,000 டாலர் வட்டி கட்டும்படி தீர்ப்பான செய்தியை எடுத்துரைத்தார். அப்பேச்சைக் குறித்துக்கொண்ட சுருக்கெழுத்தாளரால் அதனை மறக்க இயலவில்லை. மூன்றாண்டுகள் ஐரோப்பிய நாணயச் சங்கங்களைப் பற்றிப் படித்தார். அவற்றை நடத்துவோருக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டார்.

1900 டிசம்பர் 6 ஆம் தேதி லெவி மக்கள் சங்கம் அமைந்தது. 1901 ஜனவரி 23 ஆம் தேதி முதல் தொகை பெறப்பட்டது. முதல் தொகை பத்துச் சதம். அன்று வசூலான மொத்தம் 26 டாலர் 40 சதம். பங்கின் விலை ஐந்து டாலர். அதையும் வாரம் பத்துச் சதமாகச் செலுத்தலாம் என்று விதி. ஏழைக்கு எட்டாத பங்கு ஏழையின் சங்கத்தில் இருக்கலாகாது என்பதே இவ்விதியின் கருத்து.

தொடக்கத்தில் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. நஷ்டம் வந்தால் நடத்துபவரின் வீடும் உடைமையும் போகக்கூடிய நிலை. நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் கணவர் ஒட்டாவா சென்றுவிட, சங்கத்தின் அன்றாடக் கணக்கைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மனைவி தொரிமேன் அம்மையார். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, ஊதியமின்றி, பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்றார். 1906 இல்தான் க்வெபெக் சட்டசபை உரிய சட்டத்தை இயற்றியது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தனியே அமர்ந்திருந்த அந்த அம்மையாரின் துணிவு எந்த மூலதனத்துக்கும் குறைந்ததன்று என்பது எம் அபிப்பிராயம். நம் சங்கங்களில் ஆண் பெயரில் பங்கும் பெண் கையில் உழைப்பும் இருக்கும் வீடுகள் எத்தனை என்பதை அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இன்று தெஜார்தேன் கூட்டமைப்பு வட அமெரிக்காவிலேயே மிகப்பெரிய கூட்டுறவு நிதி அமைப்பு. அங்கத்தினர்களும் வாடிக்கையாளர்களுமாக 75 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதனோடு தொடர்புடையவர்கள். தலைமையிடம் இன்றும் லெவியே. ஆனால் ஆய்வாளர் கண்ணுக்கு மறுபுறமும் தெரிந்தாக வேண்டும். முன்பு ஆயிரத்துக்கு மேலிருந்த உறுப்புச் சங்கங்கள் இணைந்து இணைந்து இன்று ஏறத்தாழ இருநூறாகிவிட்டன. சிற்றூர்களில் கிளைகள் மூடப்பட்டதால் முதியோர் வருந்துகிறார்கள். 2019 இல் உள்ளே பணிபுரிந்த ஒருவரால் தனிநபர் அங்கத்தினர் 42 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறிய செய்தி நாடெங்கும் அதிர்ச்சி தந்தது. சங்கம் எத்துணை பெரிதாயினும் சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி சிறிதாவதில்லை.

நயாகரா

டொரண்டோ நகரின் 553 மீட்டர்க் கோபுரத்தைக் கீழிருந்தே பார்த்து வியந்துவிட்டு நயாகரா சென்றோம். அதன் அழகைப் பலர் எழுதிவிட்டார்கள். குதிரை லாட வடிவில் நீர் வளைந்து விழுவதும், எழும் திவலையில் வானவில் நிற்பதும், மழைச்சட்டை அணிந்த கூட்டம் படகில் அருகே செல்வதும் எல்லாம் உண்மையே. அறிந்தோர் குறைவாயுள்ள செய்தி ஒன்றைக் கூறுகிறோம்.

நாங்கள் கண்ட நீர் ஒப்பந்தப்படி விழும் நீர். 1950 இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, உல்லாசப் பயணிகள் வரும் பருவத்தில் பகல் வேளையில் வினாடிக்கு 1,00,000 கன அடிக்குக் குறையாமல் நீர்வீழ்ச்சியில் விடவேண்டும். இரவிலும் மற்றப் பருவத்திலும் 50,000 கன அடி போதும். எஞ்சிய நீரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்து மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. கன அடிக் கணக்கை நாள்தோறும் செய்தித்தாளில் தேடும் காவிரிப் பாசனத்து உழவர்களுக்கு இந்த உடன்பாட்டின் அருமை தெரியும்.

1896 இல் நயாகரா மின்சாரம் பபலோ நகரை எட்டியது. ஆயினும் நகரங்களுக்கு விளக்கெரிந்து நாற்பது ஆண்டுகள் ஆகியும் அமெரிக்க உழவர் வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் கிடைத்திருந்தது. சிதறிக் கிடக்கும் பண்ணைகளுக்குக் கம்பி இழுப்பதில் இலாபமில்லை என்று கம்பெனிகள் கைவிரித்தன. 1936 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரசு கடன் கொடுத்தது. உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தாமே கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். அவ்வகை மின் கூட்டுறவுகள் இன்றும் ஏறத்தாழ 900 இயங்குகின்றன. நான்கு கோடிப் பேருக்கு மேல் அவற்றால் விளக்கெரிகிறது. இவ்வரலாற்றை நண்பர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கடன் சங்கம் அல்லாத சங்கமும் நிலைத்ததற்குச் சான்று கேட்டவர் அவர்தானே!

ரெஜைனா: இரண்டு பாடங்கள்

டொரண்டோவிலிருந்து விமானத்தில் சஸ்காச்சுவான் மாநிலத்து ரெஜைனா நகர் சென்றோம். உல்லாசப் பயணிகள் அதிகம் நாடாத ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி; கோதுமை அறுவடை முடிந்த தாள்; வானத்தில் தெற்கு நோக்கிப் பறக்கும் வாத்துக் கூட்டம். இவ்வளவே காட்சி. ஆயினும் இப்பிரயாணத்தில் எம் நெஞ்சில் ஆழப் பதிந்த ஊர் இதுவே.

முதலாம் உலகப் போருக்குப் பின் கோதுமை விலை சரிந்தது. தானிய வியாபாரிகள் வைத்ததே விலை. 1923 இல் ஆரன் சாப்பிரோ என்ற கலிபோர்னியா வழக்கறிஞர் ஊர் ஊராகச் சென்று, விளைச்சலை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒரே சங்கத்துக்கு ஒப்படையுங்கள், சங்கம் விற்கட்டும் என்று உழவர்களைத் திரட்டினார். 1924 இல் சஸ்காச்சுவான் கோதுமைச் சங்கம் பிறந்தது. விலை நடுவே இடிந்து 1929 இல் பெருங்கடனில் சிக்கியபோதும், அரசின் துணையோடு தாங்கி நின்று, பல ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்தார்கள். இரயில் பாதை நெடுக ஊர்தோறும் அச்சங்கத்தின் மரத்தானியக் களஞ்சியங்கள் கோபுரம்போல் நின்றன. உழவன் தொலைவிலிருந்தே தன் ஊரை அதைக்கொண்டு அடையாளம் காண்பானாம்.

பின் நடந்ததைக் கேளுங்கள். மூத்த அங்கத்தினர்கள் ஓய்வு பெற்றுப் பங்கைத் திரும்பக் கேட்டார்கள். புதிய களஞ்சியங்களுக்கு முதல் வேண்டும் என்று நிர்வாகம் கருதியது. 1994 இல் பிரதிநிதிகள் கூடி, பங்குகளைச் சந்தையில் விடத் தீர்மானித்தார்கள். 1996 இல் டொரண்டோ பங்குச் சந்தையில் அவை விற்பனைக்கு வந்தன. விரிவாக்கத்துக்கு வாங்கிய கடன் பெருகியது. 2005 இல் கூட்டுறவு உருவமே நீங்கிச் சாதாரணக் கம்பெனியாயிற்று. 2007 இல் வேறொரு கம்பெனியைச் சேர்த்துக்கொண்டு ‘விடெரா’ என்று பெயர் மாறிற்று. 2012 இல் சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிளென்கோர் அதனை வாங்கிற்று. நாங்கள் திரும்பிய பின், 2025 ஜூலையில், பங்கி என்னும் பன்னாட்டு தானியக் கம்பெனியோடு அது இணைந்துவிட்டது. மரக்களஞ்சியங்களில் பெரும்பாலானவை முன்னரே இடிக்கப்பட்டன. உழவர்கள் எழுபதாண்டுகள் கட்டியது ஒருவராலும் திருடப்படவில்லை. முறைப்படி, தீர்மானத்தின்மேல் தீர்மானமாக, கைமாறியது.

இதே ரெஜைனாவில் இரண்டாம் பாடமும் இருக்கிறது. டிராக்டருக்கு எண்ணெய் விலை தாளாத உழவர் சங்கங்கள் கூடி 1935 இல் ஒரு சிறு எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கத் தொடங்கினார்கள். பெருங்கம்பெனிகள் ஆளும் அத்தொழிலில் உழவர்களுக்கு என்ன வேலை என்று பலரும் எண்ணியிருக்கக்கூடும். அந்நிலையம் இன்றும் கூட்டுறவின் உடைமையாகவே இருக்கிறது; பலமடங்கு வளர்ந்திருக்கிறது. ஆண்டு இலாபத்தில் அங்கத்தினர்களுக்கு அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கு செல்கிறது. அங்கும் 2019 இறுதியில் தொழிலாளரோடு ஓய்வூதியம் பற்றிக் கடும் பிணக்கு மூண்டு, ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தது. குறையற்ற சங்கம் எங்கும் இல்லை. ஆனால் ஒன்று உடையவர் கையில் இருக்கிறது, மற்றொன்று இல்லை.

அன்றிரவு விடுதியில் எங்கள் வாதம் ஒருவாறு முடிந்தது. நண்பர் கூறியதை அவர் சொற்களிலேயே தருகிறோம்: “கைத்தறிச் சங்கம் பிழைத்துவிடும் என்று இன்னும் நான் சொல்ல மாட்டேன். துணி விற்க வேண்டும், கூலி காலத்தில் வரவேண்டும். அதற்கு இங்கே பார்த்த எதுவும் மருந்தாகாது. ஆனால் பங்கைத் திரும்ப வாங்கிவிட்டால் பேசும் உரிமையும் போய்விடும். அப்பா இருக்கும்வரை அவரோடு, அவருக்குப் பின் என் பெயரில், அந்தப் பங்கு அங்கேயே இருக்கட்டும்.” இதனை முழு வெற்றியென்று நாம் கொள்ளவில்லை. ஆயினும் அவர் ஊர் திரும்பியதும் முதலில் செய்தது, தம் தெருவில் பங்கு செலுத்தியும் பல ஆண்டுகளாகச் சங்கத்தின் படி ஏறாத அங்கத்தினர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வீடு வீடாகச் சென்றதுதான்.

அங்கத்தினர்களுக்கு

கண்டவற்றின் சாரமாக மூன்று செய்திகளை அங்கத்தினர்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, சிறு தொகையை இகழ வேண்டா. லெவியில் பத்துச் சதம் பெற்றுக்கொண்டவர்கள் அதற்கும் முறையாகக் கணக்கெழுதினார்கள். உங்கள் பங்குத்தொகை நூறு ரூபாயாயினும் அதற்குரிய வரவு உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையெனில் கேளுங்கள்.

இரண்டாவது, தணிக்கை அறிக்கையைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். சங்கத்தின் கடன் எவ்வளவு, தேங்கிய சரக்கு எவ்வளவு, வராத பாக்கி எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கு விடை அறியாத அங்கத்தினர் தம் வீட்டுக்கு எத்தனை வாயில் என்று அறியாதவரை ஒப்பார். கேட்பது நிர்வாகத்தாருக்கு அவமதிப்பன்று; நேர்மையான நிர்வாகத்தாருக்கு அது துணை.

மூன்றாவது, மகாசபைக்கு வாருங்கள். கோதுமைச் சங்கத்தை உழவர்களிடமிருந்து பிரித்தது புயலன்று, பஞ்சமன்று. கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானங்கள். அத்தகைய தீர்மானம் எந்தச் சங்கத்திலும் ஒருநாள் முன்வரலாம். அன்று கூட்டத்தில் நாற்காலிகள் நிறைந்திருக்க வேண்டுமானால், ஒன்றும் நேராத இவ்வாண்டுக் கூட்டத்திலேயே வந்து அமரும் பழக்கம் வேண்டும். நோட்டீசு கைக்கு வந்ததும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தறியை அரைநாள் நிறுத்தினாலும் நஷ்டமில்லை.